பெரிய இலக்கை ஐந்தாவதாக எழுதுங்கள்: மாற்றம் வந்த வருடத்தில் திட்டம் போடுவதற்கான முழுமையான வழிகாட்டி

வேலை போனவர்கள், படிப்பு இடையில் நின்றவர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவர்கள், நாற்பது வயதில் வேறு தொழிலுக்குப் போக நினைப்பவர்கள்: இவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் திருகோணமலை நகரத்தில் ஒரு நிறுவனத்தில் 17 வருடம் கணக்கு எழுதினேன். 2020இல் அந்த வேலை போனது. இன்று உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துச் சிறிய விருந்தினர் விடுதிகளுக்கு வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கிறேன். இடையில் இரண்டு தரம் திட்டம் போட்டு இரண்டு தரமும் விட்டேன். மூன்றாவது தரம் நின்றது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் விறாந்தையில் கொப்பியோடு வந்து இருந்தவர்கள் பலர். அவர்கள் தடுக்கி விழுந்த இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான்.

அவர்கள் இலக்கை முதலாவதாக எழுதுகிறார்கள். கையில் எவ்வளவு நேரம், எவ்வளவு காசு, எந்தக் கடதாசி இருக்கிறது என்று பார்க்காமல் எழுதிய இலக்கு மூன்றாம் கிழமையில் கனக்கத் தொடங்கிவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் இலக்கு ஐந்தாவது படியில்தான் வருகிறது. வரிசையை மாற்ற வேண்டாம்.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு 120 பக்கக் கொப்பி, கடைசி மூன்று மாத வங்கிப் புத்தகம், அடகுச் சீட்டுகள், லீசிங் கட்டிய பற்றுச்சீட்டுகள், உங்கள் அசல் சான்றிதழ்கள் இருக்கும் கோவை, ஒரு சுவர்க் கலண்டர். போனில் எழுத வேண்டாம். இந்த வேலையில் பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டிவரும். போனில் அதைச் செய்வது சிரமம்.

ஒன்று முதல் ஏழு வரையான படிகளுக்கு நான்கு தரம் இருந்து எழுத வேண்டும், ஒவ்வொரு தரமும் இரண்டு மணித்தியாலம். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பவர் மூன்றாவது படியிலேயே களைத்து, மிச்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்.

எப்போது தொடங்குவது? எங்கள் ஊருக்கு ஒக்டோபர் நல்லது. சீசன் முடிந்திருக்கும், மழை பிடிக்கத் தொடங்கும், விடுதிகளிலும் கடற்கரையிலும் வேலை குறையும், மனதுக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கும். ஜனவரி முதலாம் திகதியும் சித்திரைப் புத்தாண்டும் வேண்டாம். அந்த நாட்களில் வரும் உற்சாகம் நாளுக்குரியது, அந்த நாளோடு போய்விடும்.

1. நடந்துவிட்ட மாற்றத்தை முதலில் எழுதுங்கள்

ஒரு பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். போனது, இருப்பது, புதிதாக வந்தது. கடைசி இரண்டு வருடத்தில் வாழ்க்கையில் மாறியவற்றை அதில் எழுதுங்கள்.

காரணம் இதுதான்: நாங்கள் பழைய வாழ்க்கைக்கு இலக்கு வைக்கிறோம். ஒரு தங்கச்சியின் கணவர் கட்டாருக்குப் போய் எட்டு மாதம். அவளுடைய முதல் திட்டத்தில் மாலை ஐந்து மணி முதல் ஏழு வரை ஆங்கில வகுப்பு. "அந்த நேரம் பிள்ளையள ரியூஷனுக்கு ஆர் கொண்டு போற?" என்று கேட்டேன். "அவர்தானே அக்கா கொண்டு போறவர்" என்றாள். சொல்லி முடிக்குமுன் அவளுக்கே விளங்கிவிட்டது. கணவர் ஊரில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் போட்ட திட்டத்துக்குத் தெரியவில்லை.

மூன்றாவது பத்தியை எல்லோரும் வெறுமையாக விடுவார்கள். விட வேண்டாம். கிண்ணியாவுக்குப் பாதையில், அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவையில், ஏறி நீரைக் கடந்த காலம் எங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2009இல் பாலம் திறந்தபோது பாதை நின்றது. இறங்குதுறையில் காத்திருந்த சனத்தை நம்பி நடந்த வியாபாரத்துக்கு அது 'போனது' பத்தி. நகரத்துக்குப் படிக்கவும் வேலைக்கும் வந்தவர்களுக்கு நேரம் மிஞ்சியது. அது 'புதிதாக வந்தது' பத்தி. ஒரே பாலம்தான். உங்களுடைய மாற்றத்திலும் இந்த இரண்டு பத்திக்கும் எழுத ஏதாவது இருக்கும். வேலை போன எனக்கு மூன்றாவது பத்தியில் இரண்டு வரிதான் வந்தது: "காலை 7 முதல் 12 வரை நேரம்" என்று ஒன்று, "கேட்டால் கணக்குச் சொல்லித்தரக்கூடிய பழைய மேலாளர் ஒருவர்" என்று மற்றது. இன்றைய தொழில் அந்த இரண்டு வரியிலிருந்து வந்தது.

இங்கே நடக்கும் பிழை, முறைப்பாடாக எழுதுவது. "எல்லாம் போச்சு" என்பதை வைத்து எதையும் கணக்கிட முடியாது. ஒவ்வொரு வரியிலும் ஒரு ஆள், ஒரு திகதி, அல்லது ஒரு தொகை இருக்க வேண்டும். "மாதம் 42,000 ரூபாய் வருமானம் மார்ச்சில் நின்றது" என்பது பயன்படும் வரி.

அழுகை வந்தால் எழுதுவதை நிறுத்திவிட்டு அடுத்த நாள் தொடருங்கள். யுத்தமும் 2004 கடலும் தொட்ட வீடுகள் நிறைந்த ஊர் இது. பல கொப்பிகளில் இந்தப் பக்கத்துக்குத்தான் அதிக நாள் எடுத்திருக்கிறது. அவசரப்படுத்தக் கூடாத படி இது ஒன்றுதான்.

2. உங்கள் கிழமையில் எத்தனை மணித்தியாலம் மிச்சம்?

ஒரு கிழமைக்கு 168 மணித்தியாலம். அதிலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள்.

அன்புவழிபுரத்திலிருந்து நகரத்துக் கடை ஒன்றுக்கு வேலைக்கு வரும் ஒரு தாயின் கணக்கைத் தருகிறேன். வேலை ஆறு நாள், நாளுக்கு 10 மணித்தியாலம்: 60. போக்குவரத்து: 6. நித்திரை நாளுக்கு 7: 49. சமையல், பிள்ளைகள், துணி தோய்த்தல் நாளுக்கு 4: 28. குளிப்பு, சாப்பாடு, சாமி கும்பிடுதல் நாளுக்கு 2: 14. மொத்தம் 157. மிச்சம் 11. உறவினர் வீட்டு நல்லது கெட்டதுகளுக்கு 4 போனால் கையில் 7 மணித்தியாலம்.

அவர் முன்பு எழுதியிருந்த திட்டம் நாளுக்கு மூன்று மணித்தியாலம், கிழமைக்கு 21. "எனக்கு மனவுறுதி இல்லை அக்கா" என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார். மனவுறுதியில் குறை இல்லை. இல்லாத 14 மணித்தியாலத்தைத் தேடிக் களைத்திருந்தார். நாளுக்கு ஒரு மணித்தியாலம் என்று மாற்றி எழுதியபின் பத்து மாதமாகத் தையல் வகுப்பை விடாமல் போகிறார்.

நித்திரையைக் குறைத்து நேரம் எடுக்க வேண்டாம். முதல் பத்து நாள் ஓடும். பிறகு நித்திரையோடு திட்டமும் போகும். நேரம் போதாவிட்டால் இலக்கின் காலத்தை நீட்டுங்கள்.

போன் பார்க்கும் நேரத்தைக் கணக்கில் சேர்க்க மறப்பவர்கள் உண்டு. எத்தனை மணித்தியாலம் என்று போனின் அமைப்புகளிலேயே இருக்கிறது. பார்த்து எழுதுங்கள்.

3. காசைக் கணக்கெடுங்கள், கடனையும் சேர்த்து

மூன்று மாத வரவையும் செலவையும் கூட்டி மூன்றால் வகுங்கள். ஒரு மாதத்தை மட்டும் எடுத்தால் பிழைக்கும். ஓகஸ்டில் விடுதிக்காரருக்கு வரும் காசை டிசம்பரில் எதிர்பார்க்க முடியாது.

சீட்டைச் சரியான பக்கத்தில் எழுதுங்கள். இதில் கணக்குத் தெரிந்தவர்களும் பிழை விடுகிறார்கள். 12 பேர், ஆளுக்கு மாதம் 10,000 ரூபாய்ச் சீட்டு என்று வைப்போம். இரண்டாம் மாதமே 120,000 ரூபாயை எடுத்துவிட்டால் மிச்சம் 10 மாதமும் நீங்கள் கட்டுவது கடன். பதினோராம் மாதம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் இதுவரை கட்டியது சேமிப்பு. ஒரே சீட்டு, எடுத்த மாதத்தைப் பொறுத்துப் பக்கம் மாறும்.

அடகில் இருக்கும் நகைக்கு மீட்கும் திகதியையும் அதுவரையான வட்டியையும் எழுதுங்கள். ஓட்டோ, பைக் லீசிங் என்றால் இன்னும் எத்தனை தவணை என்று எழுதுங்கள். தவணை தவறினால் வாகனம் போகும், வாகனத்தோடு வேலைக்குப் போகும் வழியும் போகும்.

சம்பள வேலையில் இருப்பவர்கள் சம்பளப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதம், வேலை தருபவரிடமிருந்து 12 வீதம், அதைவிட நம்பிக்கை நிதிக்கு அவர் தர வேண்டியது 3 வீதம். வேலை மாறும்போது "இங்க 5,000 கூடத் தாறாங்கள்" என்று போகிறவர்கள் புதிய இடத்தில் இந்த இரண்டும் கட்டுகிறார்களா என்று கேட்பதில்லை. 50,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு வேலை தருபவரின் பங்கு மட்டும் மாதம் 7,500 ரூபாய். கூடத் தரும் 5,000 அதை ஈடுசெய்யாது.

இந்தப் படியின் முடிவில் ஒரே ஒரு எண் கிடைக்க வேண்டும்: வருமானம் ஒன்றும் இல்லாவிட்டால் எத்தனை மாதம் வீடு ஓடும்? பூச்சியம் என்று வந்தாலும் எழுதுங்கள். அப்படி வந்தால் முதல் வருட இலக்கு அந்த எண்ணை மூன்றாக்குவதுதான். தொழிலை விடுவது, கடை போடுவது எல்லாம் அதன்பிறகு.

4. கடதாசிகள், ஆட்கள், தொடக்கூடாதவை

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தரச் சான்றிதழ், கடவுச்சீட்டு ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உங்கள் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொரு கந்தோரிலும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள். நேர்முகத்துக்குக் கூப்பிட்ட பிறகு இதைக் கண்டுபிடித்தால் திருத்த நேரம் இருக்காது. இடம்பெயர்வில் அசலைத் தொலைத்த குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பிரதிக்கு விண்ணப்பிப்பதை இன்றைக்கே தொடங்குங்கள். அலைச்சல் உள்ள வேலைகளை முதலில் ஆரம்பித்தால், மற்றப் படிகளை நீங்கள் செய்துகொண்டிருக்கும்போது அவை பின்னால் நடந்துகொண்டிருக்கும்.

வருடக்கணக்காக ஒரு தொழிலைச் செய்தும் கையில் கடதாசி இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. தேசிய தொழிற் தகைமை, எல்லோரும் என்விகியூ என்பார்கள், ஏழு மட்டங்கள் கொண்டது. அனுபவம் உள்ளவர் பாடநெறியை முதலிலிருந்து படிக்காமல், செய்த வேலையைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டிச் சான்றிதழ் பெறலாம். முன்கற்றலை அங்கீகரித்தல் என்பது இந்த முறையின் பெயர். தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ, நைற்றா என்னும் தொழில் பயிலுநர் பயிற்சி அதிகார சபையிலோ கேளுங்கள். சமையற்காரர், மேசன், மின்னிணைப்பாளர் என்று பல தொழிலுக்கு இது உண்டு. வேலை செய்த இடத்துக் கடிதங்களும் படங்களும் உதவும், இப்போதே சேருங்கள்.

ஆட்கள் பட்டியலில் பத்துப் பெயர் போதும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவரிடம் என்ன கேட்கலாம் என்று எழுதுங்கள். காசு கேட்கக்கூடியவர், பிள்ளையைப் பார்க்கக்கூடியவர், உண்மையை முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர். மூன்றாவது வகையில் ஒருவராவது இல்லாவிட்டால் தேடுங்கள்.

கடைசியாக, என்ன நடந்தாலும் தொடாதவை எவை என்று எழுதிக் கையொப்பம் இடுங்கள். வீட்டு உறுதி, பிள்ளையின் படிப்பு, அம்மாவின் மருந்துக் காசு. இலக்கு எழுதிய பிறகு இதை எழுதினால் ஆசை பேனையைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் முன்னால் வைத்திருக்கிறேன்.

5. இப்போது பெரிய இலக்கை எழுதுங்கள்

தொழிலுக்கு ஒன்று, சொந்த வாழ்க்கைக்கு ஒன்று. இரண்டுக்கு மேல் வேண்டாம். இரண்டாவது படியில் கிடைத்த ஏழு மணித்தியாலத்தை ஐந்து இலக்குகளுக்குப் பிரித்தால் எதுவும் நகராது.

எவ்வளவு பெரிதாக வைக்கலாம்? மூன்று வருடம் எடுக்கும் அளவு. இன்றைய பழக்கங்களோடு அப்படியே இருந்தால் எட்ட முடியாது, ஆனால் இந்த ஊரில், உங்களைப் போன்ற ஒருவர் எட்டியதை நீங்கள் கண்டிருக்கிறீர்கள்: அந்த அளவு. கணக்கெடுப்பு முடித்தவர்கள் இலக்கைச் சின்னதாக்கிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். பெரும்பாலும் மறுவளமாக நடக்கிறது. கையில் இருப்பது தெரிந்தபிறகு துணிவு வருகிறது.

எழுதும் விதம்: எந்த மாதத்துக்குள், எங்கே, என்ன செய்து முடித்திருப்பேன். "நல்ல நிலைக்கு வர வேண்டும்" என்பது பிரார்த்தனை. அதைச் சாமியறையில் சொல்லுங்கள். கொப்பியில் எழுத வேண்டியது வேறு. நிலாவெளி விடுதி ஒன்றில் எட்டு வருடம் சமைத்த தம்பி ஒருவர் எழுதியது இது: "மூன்றாவது வருடம் மே முதல் கிழமைக்குள், என் பெயரில் பதிந்த, 12 பேர் இருந்து சாப்பிடக்கூடிய சாப்பாட்டுக் கடையை நிலாவெளி வீதியில் திறந்திருப்பேன்."

ரூபாய்த் தொகையை மட்டும் இலக்காக வைக்க வேண்டாம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்தது. மே மாதம் 360 ரூபாய் அளவுக்குப் போனது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம். "பத்து லட்சம் சேர்ப்பேன்" என்று 2021இல் எழுதியவர் அதை எட்டியபோது அந்தக் காசுக்கு முன்பு வாங்கக்கூடியதை வாங்க முடியவில்லை. "ஆறு மாத வீட்டுச் செலவு", "எட்டு நிரந்தர வாடிக்கையாளர்", "இரண்டு தையல் மெசின்" என்று எழுதினால் விலை மாறினாலும் இலக்கு மாறாது.

உங்கள் கையில் இல்லாத முடிவை இலக்காக்க வேண்டாம். அரசாங்க வேலை கிடைப்பது, வெட்டுப்புள்ளி எவ்வளவு வருவது, விசா கிடைப்பது எல்லாம் வேறொருவர் மேசையில் முடிவாகிறவை. பரீட்சைக்கான கடந்தகால வினாத்தாள் பத்து வருடத்துக்குரியதையும் நேரம் வைத்துச் செய்து முடிப்பது உங்கள் கையில் இருக்கிறது.

வெளிநாடு என்று எழுதுபவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பேன்: திரும்பி வரும் நாளில் என்ன இருக்க வேண்டும்? அந்தப் பதில்தான் இலக்கு, விமானம் ஒரு வழி மட்டும். அந்த வழியில் போவதாக இருந்தால், வேலைவாய்ப்பு முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபாருங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலைக்கு மாறலாம் என்று சொல்பவரிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

எழுதிய இலக்கை மூன்று நாள் மூடி வையுங்கள். திறந்து வாசிக்கும்போது குரல் யாருடையது என்று கேளுங்கள். அப்பாவின் குரலோ, கொழும்பில் இருக்கும் மச்சானின் குரலோ கேட்டால் மறுபடி எழுதுங்கள். இன்னொருவரின் இலக்குக்காக மழையில் எழும்பிப் போக உடம்பு சம்மதிக்காது.

6. கடைசி நாளிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

இன்றையிலிருந்து முன்னோக்கி எழுதினால் முதல் மூன்று படி தெளிவாக வரும், மிச்சம் புகையாக இருக்கும். கடைசி நாளில் நின்று, "இதற்கு முந்தி என்ன கையில் இருக்க வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் வாருங்கள்.

அந்தத் தம்பியின் கடையை எடுப்போம். மே மாதம் திறப்பு. அதற்கு முந்தி, ஏப்ரலில், பாத்திரம், உதவிக்கு ஒரு ஆள், தெரிந்தவர்களுக்குச் சமைத்துப் பார்க்கும் இரண்டு கிழமை. அதற்கு முந்தி, பிரதேச சபை வியாபார உரிமம், அதற்காகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பது, பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு. அதற்கு முந்தி, கட்டட வாடகை ஒப்பந்தம். அதற்கு முந்தி, ஆறு மாத வாடகையும் மூன்று மாத வீட்டுச் செலவும் வங்கியில். அதற்கு முந்தி, இரண்டு சீசன் சேமிப்பு. அதற்கு முந்தி, ஒரு மீன்கறிச் சாப்பாட்டுக்கு உண்மையில் எவ்வளவு முடிகிறது என்று தெரிவது.

இப்படி வந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது, முதல் வேலை ஒரு சின்ன வேலை என்று: தான் சமைக்கும் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அரிசி, மீன், தேங்காய், காஸ் எவ்வளவு என்று எழுதுவது. அதை விடுதியில் வேலை செய்துகொண்டே செய்யலாம், செலவும் இல்லை.

புதியவர்கள் செய்வது இதன் தலைகீழ். நல்ல இடம் ஒன்று வாடகைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் முற்பணம் கொடுத்துவிடுவார்கள். பிறகுதான் கழிவுநீர் போக வழி இல்லை, உரிமம் கிடைக்காது என்று தெரியவரும். முற்பணத்தைத் திருப்பி வாங்குவது அடுத்த வருட வேலையாகிவிடும். கட்டடத்துக்குக் காசு கொடுக்கும் முன் பரிசோதகரிடம் போய்க் கேளுங்கள். கேட்பதற்குச் செலவில்லை.

7. ஊரின் கலண்டரில் வைத்துப் பாருங்கள்

எங்கள் வருடம் இரண்டு பாதி. ஏப்ரல், மே தொடங்கிச் செப்டெம்பர் வரை கடல் அமைதி, உல்லாசப் பயணிகள், கரைவலை, கையில் காசு. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடை, மழை, கையில் நேரம். காசு தேவைப்படும் படிகளை முதல் பாதியிலும் படிப்பு, கடதாசி, பயிற்சி போன்ற நேரம் தேவைப்படும் படிகளை இரண்டாம் பாதியிலும் வையுங்கள். என் முதல் திட்டம் விழுந்தது இதில்தான். மூன்று மாதத்தில் பத்து விடுதிகளைப் பிடிப்பேன் என்று ஒக்டோபரில் எழுதினேன். விடுதிகள் பாதி பூட்டியிருந்தன. இலக்கில் பிழை இல்லை, மாதம் பிழை.

நவம்பர் கடைசியில் தவறவிடக்கூடாத திகதி எதையும் வைக்க வேண்டாம். 2024இலும் 2025இலும் அந்த நாட்களில் வந்த புயல் மழையால் உயர்தரப் பரீட்சையே இடையில் நிறுத்தப்பட்டது. அரசாங்கத்தின் திகதியே அப்படி நகரும்போது உங்களுடையதும் நகரும். பரீட்சை எழுதுபவர்கள் திட்டத்தில் இரண்டு கிழமை வெறுமையாக விடுங்கள்.

நோன்பு மாதம் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய 11 நாள் முந்தும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துத் தோழர்கள் மூன்று வருடத் திட்டம் எழுதும்போது மூன்று வருடத்துக்கும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். கோயில் திருவிழா, பாடசாலை விடுமுறை, வீட்டில் வரப்போகும் சடங்கு, கலியாணம் எல்லாவற்றையும் சிவப்புப் பேனையால் குறித்த பிறகே வேலைகளை நீலத்தில் எழுதுங்கள்.

8. வீட்டில் சொல்லும் வரிசை

உங்கள் திட்டத்தால் யாருடைய வேலை கூடப்போகிறதோ அவரிடம் முதலில் சொல்லுங்கள். வகுப்புக்குப் போகும் நேரம் பிள்ளையைப் பார்க்கப்போவது மாமி என்றால் கணவரிடம் சொல்லும் முன் மாமியிடம். "மாமி, திங்களும் வியாழனும் ரெண்டு மணித்தியாலம் பிள்ளைய வச்சிருப்பீங்களா? மாசிக்குப் பிறகு தேவைப்படாது" என்று நாளையும் முடிவையும் சேர்த்துக் கேளுங்கள். முடிவு தெரியாத உதவிக்கு எவரும் மனதாரச் சம்மதிக்க மாட்டார்கள்.

கலியாண வீட்டிலும் பேஸ்புக்கிலும் அறிவிக்க வேண்டாம். எல்லோரும் பாராட்டுவார்கள். ஏதோ செய்து முடித்த உணர்வு அங்கேயே வந்துவிடும், வேலை அப்படியே கிடக்கும்.

வயது போனவர்கள் "இருக்கிற வேலைய விடாத" என்றால் கோபிக்க வேண்டாம். பலமுறை இடம்பெயர்ந்து எல்லாவற்றையும் இழந்து தொடங்கியவர்களின் பயம் அது. மூன்றாவது படியில் எழுதிய எண்ணையும் நான்காவது படியில் கையொப்பமிட்ட பக்கத்தையும் காட்டுங்கள். வாயால் வாதாடுவதைவிட அது உதவும்.

9. முதல் 14 நாள்

முதல் இரண்டு நாளுக்குள் ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள், திரும்பி எடுக்க முடியாததாக. விண்ணப்பத்தைத் தபாலில் போடுவது, வகுப்புக்குக் கட்டணம் கட்டுவது, பதிவாளரிடம் பிரதிக்குப் பணம் செலுத்துவது.

மிச்சம் 12 நாளும் கிடைத்த நேரத்தில் பாதியை மட்டும் பயன்படுத்துங்கள். ஏழு மணித்தியாலம் என்றால் மூன்றரை. முதல் கிழமையில் முழுவேகம் எடுப்பவர்கள் மூன்றாம் கிழமையில் காணாமல் போவதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். இந்த நாட்களில் வேலையின் அளவைவிட, அதே நாளில் அதே நேரம் போய் இருக்கப் பழகுவதுதான் முக்கியம்.

10. ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

20 நிமிடம், மூன்று வரி. இந்தக் கிழமை செய்தது. செய்யாமல் விட்டது, அதன் காரணம். வரும் கிழமை செய்யப்போகும் ஒரே ஒரு வேலை.

காரணத்தை உண்மையாக எழுதுங்கள். "நேரம் இல்லை" என்று மூன்று ஞாயிறு வந்தால் இரண்டாவது படிக்குத் திரும்பிக் கணக்கைத் திருத்துங்கள். "பயமாக இருக்கிறது" என்று எழுதத் துணிந்தவர்கள் வேகமாக முன்னேறியதைப் பார்த்திருக்கிறேன். பயம் என்று தெரிந்தால் யாரையாவது கூட்டிக்கொண்டு போகலாம். வங்கிக்குத் தனியே போகப் பயந்த ஒரு பிள்ளையோடு நான் போய் வாசலில் இருந்தேன், அவ்வளவுதான் தேவைப்பட்டது.

ஒரு கிழமை தவறினால் அந்தக் கிழமைக்கு வட்டி சேர்த்து அடுத்த கிழமை இரட்டிப்பாகச் செய்ய முயல வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். தொடர்ந்து இரண்டு கிழமை தவறினால் உண்மையைச் சொல்பவர் என்று நான்காவது படியில் எழுதிய ஆளைக் கூப்பிடுங்கள்.

11. இலக்கை மாற்றுவதும் விடுவதும்

மூன்று மாதத்துக்கு ஒரு தரம், குறித்த நாளில் மட்டும் இதை யோசியுங்கள். மோசமான ஒரு நாளின் இரவில் எடுக்கும் முடிவு அந்த இரவுக்குத்தான் சரியாக இருக்கும்.

மாற்றலாம் என்பதற்கு அடையாளம்: முதல் படியின் பக்கத்தில் புதிதாக ஒரு வரி எழுத வேண்டி வந்துவிட்டது. வீட்டில் நோய், வேலை இடம் பூட்டியது, ஒரு குழந்தை. அப்படியானால் முதல் படிக்கே போய் மறுபடி நடந்து வாருங்கள். பெரும்பாலும் இலக்கு அப்படியே நிற்கும், திகதியும் வழியும்தான் மாறும்.

விடுவது வேறு. பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரத்தில் மூன்று தடவைதான். மூன்றாவது தடவைக்குப் பிறகும் ஒரு பிள்ளை அதே பாடத்தை அதே ரியூட்டரியில் படித்துக்கொண்டிருந்தான், ஏனென்றால் நிறுத்தினால் தோற்றது என்று ஆகிவிடுமாம். அவனோடு பின்னோக்கி நடந்து பார்த்தோம். அவனுக்கு வேண்டியிருந்தது மெசின்களோடு வேலை. அதற்கு என்விகியூ ஐந்தாம், ஆறாம் மட்டத்து டிப்ளோமாக்கள் வழியாகவும் போகலாம் என்று அவனுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. அவன் விட்டது ஒரு வழியை. இலக்கின் வரியில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

மாற்றி எழுதும்போது பழைய பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். குறுக்கே ஒரு கோடு போட்டு, திகதியையும் ஏன் மாற்றினேன் என்ற ஒரு வரியையும் எழுதிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள். அடுத்த ஒக்டோபரில் முதல் படியின் மூன்று பத்தியை நிரப்பும்போது அந்த ஒரு வரி தேவைப்படும்.